முதல் வரிசைக்கு முன்னால்

"முதல் வரிசைக்கு முன்னால இன்னொரு வரிசை போடணும் டீச்சர். எட்டு சேர் போதும்," என்றார் தாளாளர் சிவனணைந்தபெருமாள்.

"முதல் வரிசைக்கு முன்னால வரிசை கிடையாது சார்," என்றாள் மாஜிதா.

தாளாளர் வலது காதை ஒரு தடவை தேய்த்து விட்டுக்கொண்டார். தென்காசியில் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் "சரி சார்", "ஆச்சு சார்" என்றுதான் பதில் வரும். "கிடையாது" என்பது அவர் காதுக்குப் புதுச் சொல்.

பள்ளி மைதானம் சாரலில் சேறாகிக் கிடந்ததால் ஆண்டு விழாவைக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். மேடைப் பக்கம் ஒடுங்கி, வாசல் பக்கம் விரிந்து, முறத்தைக் கீழே வைத்தது போன்ற மண்டபம். இதில் யார் நாற்காலி போட்டாலும் கோணலாகத்தான் வரும் என்று மற்ற ஆசிரியர்கள் நழுவிவிட, வேலை கணக்கு டீச்சர் மாஜிதாவின் தலையில் விழுந்தது. அவள் அதையே பதினொன்றாம் வகுப்புக்குப் பாடமாக்கிவிட்டாள். முதல் வரிசையில் பத்து நாற்காலி. பின்னால் போகப் போக வரிசைக்கு இரண்டு கூடும். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. கூட்டுத் தொடர்வரிசை. n-ஆவது வரிசையில் 2n + 8 நாற்காலிகள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டாள்.

"n-க்குப் பூஜ்யம் போட்டா என்ன வரும் டீச்சர்?" என்று மாரிச்செல்வி கேட்டாள்.

"கணக்குக்கு எட்டு வரும். ஆனா அங்கன போய்ப் பார்த்தா வெறுந்தரைதான் இருக்கும். n-க்கு எந்த எண்ணையெல்லாம் போடலாமோ அதுக்குப் பேருதான் மதிப்பகம், டொமைன். தொடர்வரிசைக்கு மதிப்பகம் இயல் எண்கள். நம்ம மண்டபத்துல அது ஒண்ணுல தொடங்கி, வாசல்கிட்ட பதினஞ்சுல முடிஞ்சிரும். ரெண்டு பக்கமும் சுவரு."

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் நடந்துபோன தாளாளர், "எட்டு வரும்" என்பது வரைக்கும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மீதியைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நீங்கதானே சொன்னீங்க, பூஜ்யம் போட்டா எட்டு வரும்னு?" என்றார் இப்போது, பெரிய துருப்பை இறக்குகிறவர்போல.

"போடக் கூடாதுன்னும் சொன்னேன் சார். மதிப்பகம் ஒண்ணுல தொடங்குது."

"யாரு சொன்னது?"

"புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்தை வாங்கிப் போட்டது யாரு?"

மாஜிதா முக்காட்டின் ஓரத்தைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். அவள் அப்படிச் செருகினால் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. வெளிநாட்டு வேலையாகத் தம்மாமிலிருக்கும் அவள் கணவன் தினமும் காலையில் "யார்ட்டயும் சண்டை போடாத" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் அனுப்புவான். இன்றைக்கு அதைக் கேட்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்த முதல் வரிசைப் பத்து நாற்காலிகளுக்காக அவள் ஆசிரியர் கூட்டத்தில் போட்ட சண்டை கொஞ்சமில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவளுடைய பிள்ளைகள் பத்துப் பேர் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தார்கள். அந்தப் பத்துப் பேரின் அம்மாக்கள்தான் முதல் வரிசை என்று பிடிவாதம் பிடித்து, அழைப்பிதழிலேயே "வரிசை 1" என்று அச்சடிக்க வைத்திருந்தாள். பீடி சுற்றுகிறவர்கள், தறியில் உட்காருகிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள். இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூட வாசலோடு நின்று திரும்பியவர்கள்.

அப்போது தாளாளரும் தலையாட்டினார். சிறப்பு விருந்தினர் யாரென்று முடிவானதும்தான் தலை நின்றுபோனது. கடையத்தில் பிறந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து, பெரிய விருதெல்லாம் வாங்கி ஊர் திரும்பியிருக்கும் ஹைருன் பீவி வரச் சம்மதித்துவிட்டார். டிவியில் வந்த முகம். அந்த முகத்தோடு ஒரே போட்டோவில் விழ வேண்டும் என்று தாளாளரின் உறவும் நட்பும் ஒன்றுபோல ஆசைப்பட்டன.

"சரி சார், இன்னொரு கணக்கு சொல்லுதேன்," என்றாள் மாஜிதா. "நீங்க கூப்பிட்ட ஒவ்வொருத்தரும் ஆளுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருதாங்க. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு பெருகுது. இது பெருக்குத் தொடர்வரிசை. இதுக்கும் மதிப்பகம் ஒண்ணுலதான் தொடங்குது. நீங்க பாட்டுக்கு n-க்கு மைனஸ் ஒண்ணு போட்டீங்கன்னா அரை ஆள் வருவாரு. அரை ஆளை எங்கன உட்கார வைப்பீங்க?"

தாளாளர் நிஜமாகவே யோசித்தார்.

"சுரண்டையிலேருந்து எங்க மச்சினர் வல்லிநாயகம் வருதாரு. நீங்க சொல்லுத அளவுதான் இருப்பாரு. ஓரமா ஒரு சேர் போட்டா போதும்."

அவள் பதில் தேடுவதற்குள், உடற்பயிற்சி ஆசிரியர் மாரிராஜ் எட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் போட்டுவிட்டார். சிவப்பு மெத்தை வைத்த நாற்காலிகள். பரிசு வாங்க ஏறும் பிள்ளைகளுக்காக மாஜிதா விட்டு வைத்திருந்த பாதை பாதி அடைபட்டது.

"நம்பர் அட்டையை ஒட்டிருங்க டீச்சர்," என்றார் தாளாளர். "வர்றவங்களுக்குத் தெரியணும்லா."

"ஒட்டுதேன். சரியான நம்பரைத்தான் ஒட்டுவேன்."

ஒட்டினாள். "வரிசை 0."

முதலில் வந்தவர் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அப்துல் ஜப்பார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். தாளாளரே கையைப் பிடித்து அழைத்து வந்து சிவப்பு மெத்தையைக் காட்டினார். ஜப்பார் உட்காரக் குனிந்தவர், அட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே நிமிர்ந்தார்.

"சைபரா?"

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கணக்கு டீச்சரு..."

"ஊருக்குள்ள எனக்கு எதிரி உண்டு. ஆனா ஒருத்தனும் என்னைய சைபர்னு எழுதி ஒட்டுனதில்ல. நான் வாறேன்."

தாளாளர் அவரை வாசல் வரைக்கும் போய்ச் சமாதானப்படுத்தித் திருப்பிக் கூட்டிவந்தார். வரும் வழியிலேயே மாரிராஜுக்கு உத்தரவு பறந்தது. பூஜ்யத்துக்கு முன்னால் இன்னொரு வரிசை. இடம் ஒடுங்கியதில் ஆறு சிவப்பு மெத்தை நாற்காலிதான் பிடித்தது.

"கணக்கு சரியா வருது பாருங்க," என்றார் மாரிராஜ் மெல்ல. "மைனஸ் ஒண்ணுக்கு ஆறு."

"நீங்களுமா சார்?" என்று அவரைப் பார்த்துவிட்டு, மாஜிதா தடித்த பேனாவை எடுத்தாள். தாளாளர் பார்க்கப் பார்க்க, பயமில்லாமல் எழுதி ஒட்டினாள். "வரிசை -1." அதைப் பார்த்து ஜப்பார் மறுபடி கிளம்பிவிடுவார், இந்த வேடிக்கை இதோடு முடியும் என்பது அவள் எண்ணம்.

ஜப்பார் அட்டையை உற்றுப் பார்த்தார். வரிசை. பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு. அப்புறம் ஒன்று. அவர் முகம் மலர்ந்தது.

"இது மரியாதை," என்றார். "ஒண்ணுன்னு போட்டா உட்காரப் போறோம். இதுக்குப் போயி எம்புட்டு அலைய விட்டுட்டீங்க."

அது மைனஸ் என்று சொல்ல மாஜிதாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தாளாளர் கையைக் கூப்பியபடி அவளுக்கும் ஜப்பாருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

சுரண்டையில் காய்கறி மண்டி வைத்திருக்கும் மச்சினர் வல்லிநாயகம் அடுத்து வந்தார். ஆள் அரைதான். குரல் இரண்டு ஆளுக்குச் சமம். கூடவே நான்கு பேர். அந்த நான்கு பேரும் கூட்டிவந்த எட்டுப் பேர் வேனில்.

"மச்சான், லாட்ஜ்காரருக்குப் பின்னால என்னை உட்காரச் சொல்லுதீங்களா? நான் பொண்ணு குடுத்த வீட்டுக்காரன்."

தாளாளர் மாரிராஜைப் பார்த்தார். மாரிராஜ் ஓடினார். ஜப்பாருக்கு முன்னால் இன்னும் நான்கு மெத்தை நாற்காலிகள். மாஜிதாவும் சளைக்காமல் அட்டையை ஒட்டினாள். "வரிசை -2."

வல்லிநாயகம் முன்னால் உட்கார்ந்தார். வெற்றியோடு பின்னால் திரும்பி ஜப்பாரின் அட்டையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய அட்டையைப் பார்த்தார்.

"அவருக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டா?"

"நீங்க முன்னாலதானே இருக்கீங்க," என்றார் தாளாளர்.

"முன்னால உட்கார வச்சு ரெண்டாம் நம்பர் குடுக்கிறது எந்த ஊரு நியாயம்?"

"நம்பர்ல நான் ஒண்ணுன்னா என்னை எதுக்குய்யா பின்னால போட்டீங்க?" என்று ஜப்பாரும் எழுந்துவிட்டார். அதுவரைக்கும் அவருக்கு அந்தக் குறை தோன்றியிருக்கவில்லை.

இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மாறியபின் ஜப்பார் முன்னால், ஆனால் இரண்டு. வல்லிநாயகம் ஒன்று, ஆனால் பின்னால். மறுபடி மாறினார்கள். நாற்காலிக் கால் பட்டு ஜப்பாரின் வேட்டி ஓரம் கிழிந்தது.

"டீச்சர், இது என்ன கொடுமை?" என்று தாளாளர் அவளிடமே வந்தார். "ஏன் முன்னால போகப் போக நம்பர் பெருசாவுது?"

"பெருசாகல சார், சிறுசாகுது. முன்னாலயே ஒரு கோடு போட்டிருக்கேன், பாருங்க. ஒண்ணைத் தாண்டி அந்தப் பக்கம் போகாதீங்கன்னு மொதல்லயே சொன்னேன்."

"நம்பரே வேண்டாம். எல்லா அட்டையையும் கிழிங்க."

"நான் ஒட்டினதை நான் கிழிக்க மாட்டேன்."

மாரிராஜ் கிழித்தார். முன்னால் இருந்த மூன்று அட்டைகளோடு நிற்காமல், வாசல் வரைக்கும் இருந்த பதினைந்தையும் சேர்த்துக் கிழித்துவிட்டார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

சண்டை அடங்கியது. ஜப்பாரும் வல்லிநாயகமும் பேசித் தெளிய வராந்தாவுக்குக் காப்பி குடிக்கப் போனார்கள். அந்தச் சமயத்தில் தென்காசி மினி பஸ்ஸிலிருந்து இறங்கி, சேலையில் விழுந்த சாரலைத் தட்டிக்கொண்டு, பத்து அம்மாக்களும் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவள் மாரிச்செல்வியின் அம்மா உலகம்மாள். கையில் அழைப்பிதழ். அதில் "வரிசை 1" என்று இருந்தது. மண்டபத்தில் எங்கேயும் எண் இல்லை. முதல் வரிசை என்றால் மேடையை ஒட்டியதுதானே. நேராகப் போய்ச் சிவப்பு மெத்தையில் உட்கார்ந்தாள். நான்கு நாற்காலியில் நான்கு பேர், பின்னால் ஆறில் ஆறு பேர். கச்சிதமாகப் பத்து.

காப்பி குடித்துவிட்டு வந்த இரண்டு பெரிய மனிதர்களும் அதைப் பார்த்ததும் முதன்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தார்கள்.

"டீச்சர், அவங்களை எந்திரிக்கச் சொல்லுங்க," என்றார் தாளாளர்.

"எதுக்கு சார்? அழைப்பிதழ்ல ஒண்ணுன்னு இருக்கு. ஒண்ணுலதான் உட்கார்ந்திருக்காங்க."

"அது ஒண்ணு இல்ல, மைனஸ்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாஜிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"மதிப்பகம் இப்ப புரியுதா சார்?"

புரிந்ததோ இல்லையோ, சுருக்கென்று பட்டது. அவர் மாரிராஜைக் கூப்பிட்டு மேடையை ஒட்டி இன்னும் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். இரண்டுக்குத்தான் இடமிருந்தது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மேடைப் பலகையில் முட்டும். மேலே நிமிர்ந்தால் மேடையில் போட்டிருந்த கம்பளத்தின் ஓரம் மட்டும் தெரியும். ஜப்பாரும் வல்லிநாயகமும் அதற்காகவே காத்திருந்தவர்கள்போலப் பாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"எனக்கு?" என்றார் தாளாளர்.

"மைனஸ் மூணோட முடிஞ்சுபோச்சு சார்," என்றாள் மாஜிதா. "மைனஸ் நாலுக்குப் பூஜ்யம் சேர். நீங்க தரையில உட்காரலாம். மைனஸ் அஞ்சுன்னா மைனஸ் ரெண்டு சேர். அதாவது உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரை எழுப்பிவிடணும். யாரை எழுப்பட்டும், அண்ணாச்சியையா, மச்சினரையா?"

இருவரும் திரும்பித் தாளாளரைப் பார்த்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் உதவித் தலைமையாசிரியர் என்று பிறகு தெரிந்தது.

தாளாளரின் முகம் சிவந்தது. "டீச்சர், விளையாட்டெல்லாம் போதும். இந்தப் பத்துப் பேரும் இங்கன இருக்கக் கூடாது. சொந்தக்காரங்க வாசல்ல நிக்காங்க. நடுவுல எங்கனயும் இடம் கிடையாது, எல்லாம் நிறைஞ்சாச்சு. கடைசி வரிசை ஒண்ணுதான் காலியா இருக்கு. அங்கன அனுப்புங்க. இல்லாட்டி நாளைக்கு நீங்க பள்ளிக்கூடம் வர வேண்டாம்."

மாஜிதா கழுத்தில் தொங்கிய "விழாக் குழு" அட்டையைக் கழற்றினாள். வல்லிநாயகத்தின் மடியில் வைத்தாள்.

"இதையும் வச்சுக்கோங்க. இதுல நம்பர் கிடையாது, சண்டை வராது."

பிறகு தாளாளரிடம் திரும்பினாள்.

"நாளைக்கு லெட்டர் குடுங்க சார், வாங்கிக்கிடுதேன். அதுல தேதி பூஜ்யம்னு போட்டுராதீங்க, செல்லாது. முதல் வரிசைக்கு முன்னால வரிசை கிடையாதுன்னு சாயங்காலம் சொன்னதை இப்பவும் சொல்லுதேன். நாளைக்கு வேற பள்ளிக்கூடத்துல போயும் அதைத்தான் நடத்துவேன்."

உலகம்மாள் எழுந்தாள். அவள் எழுந்ததும் மற்ற ஒன்பது பேரும் எழுந்தார்கள்.

"நீங்க எதுக்கு எந்திரிக்கீங்க?" என்றாள் மாஜிதா. "உட்காருங்க. யாரு என்ன பண்ணிருவாங்கன்னு பார்ப்போம்."

"அந்தாளு சொன்னாருன்னு நான் எந்திரிக்கல டீச்சரம்மா. எங்களுக்காவ நீங்க வேலையை உதறிட்டு நிக்கீங்க. நீங்க நிக்கையில எங்களுக்கு மெத்தை என்னத்துக்கு? வாங்க, எங்கன போறீங்களோ அங்கன நாங்களும் வாறோம்."

நடுப் பாதை வழியாகப் பதினோரு பெண்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். தாளாளரின் சொந்தக்காரர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். அவர்கள் கடந்ததும் அந்தப் பாதையிலும் மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஆளுக்கு இரண்டு பேர் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.

வாசலை ஒட்டிய கடைசி வரிசை அகலமாகக் கிடந்தது. மாஜிதா ஓரத்தில் உட்கார்ந்து, மேடை இருக்கும் திசையைப் பார்த்தாள். தலைகளுக்கு அப்பால் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்தது.

"முதல் வரிசைன்னு சொல்லி உங்களைக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள்.

"சொன்னபடி உட்கார்ந்தோம்லா. மெத்தை நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் உலகம்மாள். "எங்க புள்ளை பேரைக் கூப்பிடும்போது இங்கேருந்து கையைத் தட்டுத தட்டுல அந்தாளுக்குக் காது அடைக்கணும். பார்த்துக்கிடுங்க."

பத்துப் பேரும் சிரித்தார்கள். மாஜிதாவும் சிரித்தாள். நாளைக்கு வேலை இல்லை என்று தெரிந்தும், நாற்காலியின் முதுகில் நன்றாகச் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். தம்மாமுக்கு ஒரு குரல் அனுப்பினாள்: "சண்டை போட்டாச்சு."

வாசலில் கார் வந்து நின்றது. மேளம் முழங்கியது. மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. மேடையடியில் ஜப்பாரும் வல்லிநாயகமும் பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவில் சிக்கிய முழங்காலை உருவிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் ஆளுயர மாலையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கிப் புறப்பட்டார். பாதையில் பாதை இல்லை. தன் சொந்தக்காரர்களின் மடிகளையும் கைப்பைகளையும் தாண்டித் தாண்டி, மாலையிலிருந்து பூ உதிர, மூன்றாவது வரிசைக்குமேல் அவரால் நகர முடியவில்லை.

"வழி விடுங்க, வழி விடுங்க," என்ற அவர் குரல் மட்டும் வந்தது.

வாசலில் கார் ஓட்டுநர் முகம்மது சலீம் ஒரு சக்கர நாற்காலியை விரித்து, பேராசிரியர் ஹைருன் பீவியை மெல்ல அதில் உட்கார வைத்தார். உள்ளே தள்ளிக்கொண்டு வந்தவர், கடைசி வரிசையை ஒட்டி, உலகம்மாளுக்கும் மாஜிதாவுக்கும் கைநீட்டும் தூரத்தில் நிறுத்திவிட்டு, அடைத்துக் கிடந்த மண்டபத்தையும் தூரத்தில் இருந்த மேடைப் படிகளையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு, மேடையெல்லாம் ஏற மாட்டாங்க, மைக்கையும் பரிசு மேசையையும் இங்கன கொண்டாங்க, எல்லாரும் சேரை அப்படியே வாசல் பக்கமாத் திருப்பிப் போட்டு உட்காருங்க."